நூலின்பம் நமக்கும் உரியது
(வெள்ளிவிழாவின் இரண்டாம் நாள், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

இளைஞர்க்கு அறிவுரை கூறுமாறு விழாக்குழுவினர் நம்மைப் பணித்தனர். அறிவுரைக்கு நம் பிள்ளைகளிடம் பஞ்சமில்லை. ‘படி, படி’ என்னும் சொல்லைக் கேட்டே அவர்கள் வளர்ந்தனர். வீட்டில் தாய் சொல்கிறாள். பள்ளியில் ஆசிரியர் சொல்கிறார். ஏப்ரல் 14-ஆம் நாள் ஒலிபெருக்கியில் நாமெல்லோரும் சொல்கிறோம். ஆதலின் இன்று அறிவுரையை ஒதுக்கிவைத்து, இன்பத்தைப் பற்றிப் பேசலாம் எனத் துணிந்தோம். நூல் படிப்பதிலும், ஒருவர் படிக்கக் கேட்பதிலும் ஓர் இன்பம் உண்டு. அவ்வின்பம் நம் தெருப் பிள்ளைக்கும் உரியது. அதனைப் பெறுவதற்கு அவன் எவரிடமும் காரணம் காட்டவேண்டியதில்லை.

இவ்வுரைக்காக நம் கழக நூலகத்தின் வழங்கல் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தோம். தேர்வாணையத் தேர்வுகளுக்கான பொது அறிவுத் தொகுப்புகள் அட்டை கிழிந்து, முதுகில் இருமுறை மும்முறை பசை கண்டு, ஓரமெல்லாம் பென்சில் குறிகளோடு விளங்குகின்றன. கதை நூல்கள் இருக்கும் அலமாரியிலோ, பல நூல்கள் வாங்கிய நாளின் மணம் மாறாமல் நிற்கின்றன. பின்னட்டையின் உட்புறம் ஒட்டிய தேதித்தாளில் ஒரு முத்திரைகூட விழாதவை உண்டு. இதனை நாம் குற்றமாகக் கூறவில்லை. நிலமில்லை, கடையில்லை, பாட்டன் வைத்துச்சென்ற முதலும் இல்லை என்னும் குடும்பத்துக்குப் படிப்பு ஒன்றே முதல். அக்குடும்பத்துப் பெண்ணொருத்தி குரூப்-4 தேர்வில் வென்று அலுவலகத்தில் அமர்ந்தால், அவள் வீடு மட்டுமன்றி அவள் தமக்கை வீடும் தமையன் வீடும் நிமிர்கின்றன. எனவே வினா-விடைக் கைடுகளைப் பழித்துப் பேசும் உரிமை, மூன்று தலைமுறையாக வேலைக்குக் கவலைப்படாத குடும்பத்தில் பிறந்த எவருக்கும் இல்லை.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏணியைக் கொண்டு மாடிக்கு ஏறியவன் அதனைத் தோளில் சுமந்து திரிவதில்லை. நூலை ஏணியென்று மட்டுமே கற்றவனும், பணி ஆணை கைக்கு வந்த நாளில் அதனைச் சுவரோரம் சாய்த்துவிடுகிறான். அவன் புது வீடு கட்டுகிறான். அவ்வீட்டில் பூசைக்கு இடமுண்டு, தொலைக்காட்சிக்கு இடமுண்டு, வண்டி நிறுத்த இடமுண்டு. நூல் வைக்க ஒரு மாடம் இல்லை. இது வென்றவன் கதை. தோற்றவன் நிலையோ இதனினும் கொடிது. போட்டித் தேர்வுகளில் வெல்வோர் சிலர். தோற்போர் பலர் என்பது எல்லோரும் அறிந்த கணக்கு. நான்குமுறை எழுதி நான்குமுறையும் தவறிய இளைஞனுக்கு நூல் என்பது தன்னைத் தோற்கடித்த பொருள். அதன் முகத்தில் விழிக்கவே அவன் அஞ்சுகிறான். அவனுக்குத்தான் ஒரு நல்ல கதை மிகத் தேவை. ஆனால் அவன் கை அதன்பால் நீளாது. வெற்றிக்கு மட்டுமே நூல் என்று நாம் சொல்லிக்கொடுத்தால், தோல்வியின் துணைக்கு அவனிடம் என்ன இருக்கும்?

‘கதை படித்தால் மதிப்பெண் குறையும்’ என்று நம் செயற்குழுவிலேயே ஓர் உறுப்பினர் வாதிட்டார். அவர்தம் கவலை நேர்மையானது. அவரும் இங்கு அமர்ந்துள்ளார். எனினும் வசதி படைத்தோர் வீடுகளில் ஐந்து வயதுக் குழந்தைக்குப் படக்கதை நூல் வாங்கித் தருகையில் எவரும் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பதில்லை. அக்குழந்தை கதையில் மூழ்கிச் சிரிப்பதே போதுமென்று விட்டுவிடுகின்றனர். நம் பிள்ளை கதை நூலைத் தொட்டால் மட்டும் ‘இதனால் என்ன பயன்?’ என்னும் வினா எழுகிறது. செல்வர்க்கு இன்பம், எளியோர்க்குப் பயன் என்று எவரோ பங்கிட்டுக் கொடுத்ததை நாமே காத்துவருவது பொருந்துமா? இன்பத்துக்காகப் படிப்பவன் வேகமாகப் படிப்பான், வேகமாகப் படிப்பவன் வினாத்தாளையும் வேகமாகப் படிப்பான் என்று அவருக்கு விடை கூறலாம், அது மெய்யுங்கூட. ஆனால் அவ்விடையைக் கூறி வாதத்தில் வெல்ல நமக்கு விருப்பமில்லை. கூறினால் மீண்டும் கதையை ஏணியின் ஒரு படியாக்கியவர் ஆவோம்.

இனி, செவியைப் பற்றிச் சில. இக்காலத்தில் ஒலிநூல் என்பது பரவிவருகிறது. நல்ல குரலுடையார் ஒருவர் நூல் முழுவதையும் படித்துப் பதிவுசெய்ய, அதனைக் கைப்பேசி வழியே கேட்கலாம். ‘கேட்பது படிப்பாகுமா? சோம்பேறிகளுக்கான வழியன்றோ அது?’ என்று வினவுவோர் உளர். நம் வரலாற்றை அறிந்தோர் இவ்வினாவை எழுப்பமாட்டார்கள்.

கௌதம தர்ம சூத்திரம் என்னும் பழைய சட்ட நூல், வேதம் ஓதுவதைச் சூத்திரன் கேட்பானாயின் அவன் செவியில் உருக்கிய ஈயத்தையும் அரக்கையும் ஊற்றுமாறு விதித்தது. சூத்திரனுக்கே அந்நிலை, அவனுக்கும் கீழே தள்ளப்பட்டோர் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை. அவ்விதியை எழுதியவர்கள் ஒன்றை நன்கு உணர்ந்திருந்தார்கள். அறிவு கண்வழி மட்டுமன்றிச் செவிவழியும் புகும்; எழுத்தறியாதவனும் கேட்டே கற்றுவிடுவான் என்பதே அது. செவியின் ஆற்றலை அறியாதவன் அதற்கு இத்துணைக் கொடிய பூட்டைத் தேடியிருக்கமாட்டான். வள்ளுவரும் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்றோர் அதிகாரம் வகுத்தார். கல்லாதவனும் கேட்கவேண்டும் என்பது அவர் கருத்து. ஆனால் முன்னவர் ஈயத்தைக் காய்ச்சிய செவிக்கு இவர் விருந்து வைத்தார்.

அத்திருக்குறளின் வரலாற்றிலேயே நம்மவர்க்கு ஓர் இடமுண்டு. தம் பாட்டனார் கந்தப்பன் என்பார் ஆரிங்டன் துரையிடம் பணிபுரிந்தவர் என்றும், அவர் வைத்திருந்த குறள் ஓலைச்சுவடி அத்துரை வழியாக எல்லிஸ் துரையின் கைக்குச் சேர்ந்தது என்றும் அயோத்திதாசப் பண்டிதர் எழுதியுள்ளார். சேரியில் நூல் இருந்ததில்லை என்று கூறுவோர்க்கு இவ்வொரு செய்தி போதும்.

பண்டிதர் 1907-ஆம் ஆண்டு சூன் திங்களில் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். ஓராண்டு சென்றபின் அது ‘தமிழன்’ என்று பெயர் கொண்டது. 1914-இல் அவர் மறையும்வரை இடையறாது நடத்தினார். வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சென்று, பூமிக்கடியில் பாறை உடைத்த நம் முன்னோர் அவ்விதழைத் தாங்கிநின்ற தூண்களுள் முதன்மையானோர். தங்கவயலில் பௌத்த சங்கத்தின் கிளை இயங்கியது. பின்னாளில் அங்கிருந்தே சித்தார்த்த புத்தகசாலையார் பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பினர். சுரங்கத் தொழிலாளர் அனைவரும் எழுத்தறிந்தவர்களா? அல்லர். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றோர் சூழ்ந்திருந்து கேட்பதே அக்காலத்தில் இதழ்கள் பரவிய வழி. ஒரு படியை ஒருவர் வாங்கினால் இருபது பேர் செவிக்கு அது உணவாயிற்று. விற்ற படிகளின் எண்ணிக்கையைக் கொண்டு அந்நாளைய இதழ்களின் வலிமையை அளப்போர் இச்செவிகளை எண்ணுவதில்லை.

நம் தெருக்களிலும் இவ்வழக்கம் இருந்தது. பெரிய எழுத்து நல்லதங்காள் கதை, மதுரைவீரன் கதை, அல்லி அரசாணிமாலை ஆகிய நூல்களைச் சந்தையில் வாங்கிவந்து, சிம்னி விளக்கொளியில் ஒருவர் இராகமிட்டுப் படிக்க, வேலைக்குச் சென்று திரும்பிய பெண்கள் கால் நீட்டி அமர்ந்து கேட்டனர். நல்லதங்காள் தன் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளும் இடம் வரும்போது படிப்பவர் நிறுத்திவிடுவார். அழுது முடித்தபிறகே தொடர்வார். சாவு வீட்டில் அரிச்சந்திரன் கதையின் மயான காண்டம் இரவெல்லாம் ஒலித்தது. (அக்கதையில் நம்மவர்க்குத் தரப்பட்ட இடம் யாது என்பது வேறோர் அரங்கில் பேசவேண்டிய பொருள்.) இவ்வாறு கேட்டவர்கள் எவரும் தம்மைப் படிக்காதவர் என்று எண்ணினாரேயன்றிக் கதை தெரியாதவர் என்று எண்ணவில்லை. பின்னர் ஊராட்சி வானொலிப் பெட்டி வந்தது. பல ஊர்களில் அது ஊர்ப் பொதுவிடத்தில் அமைந்தது; சேரிக்குக் காற்று கொணர்ந்த அளவே கேட்டது. இன்று ஒவ்வொரு இளைஞன் சட்டைப் பையிலும் ஒரு வானொலி நிலையத்தினும் பெரிய பெட்டி இருக்கிறது. அதைக்கொண்டு எதைக் கேட்பது என்பதே இப்போதைய வினா.

செவிக்கென எழுதப்பெற்று, செவியைச் சேராமலே நூலாகிப்போன ஒன்றைப் பற்றி இங்குக் கூறவேண்டும். லாகூரில் இயங்கிய சாத்-பாத் தோடக் மண்டல் என்னும் சாதி ஒழிப்புச் சங்கத்தார், தம் 1936-ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்குமாறு அண்ணல் அம்பேத்கர் அவர்களை அழைத்தனர். அவர் எழுதிய தலைமையுரையை முன்கூட்டியே கண்டு அஞ்சி, சில பகுதிகளை நீக்குமாறு வேண்டினர். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற அண்ணல் இசையவில்லை. மாநாடே நடவாமற் போயிற்று. அண்ணல் அவ்வுரையைத் தம் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். இரண்டு மாதத்தில் அவை தீர்ந்தன. தந்தை பெரியாரின் ‘குடி அரசு’ வழியாக அது விரைவிலேயே தமிழுக்கும் வந்தது. நூலகத்தில் அதனை எடுத்துப் பக்கங்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு மீண்டும் வைத்துவிடும் இளைஞர்களைக் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு ஒரு சொல்: அது பேச்சு. பேசப்படுவதற்காக எழுதப்பெற்றது. எதிரே அவையினர் அமர்ந்திருப்பதாகக் கருதி, அவர்களை வினவியும் மறுத்தும் சிற்சில இடங்களில் நகைத்தும் செல்வது. அதனை உரக்கப் படித்துக் கேளுங்கள். கண்ணுக்குக் கடினமாயிருந்த பத்தி செவிக்கு எளிதாவதைக் காண்பீர்கள். லாகூர் அவை கேட்க மறுத்ததை நம் தெரு கேட்கட்டும்.

ஒலிநூலின் தோற்றத்தையும் அறிந்துகொள்வது நன்று. கண்பார்வை இழந்தோர்க்காகவே அது முதலில் அமைக்கப்பெற்றது. முதல் உலகப் போரில் பார்வையிழந்து திரும்பிய வீரர்களுள் பலருக்கு விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்து கைவரவில்லை. அத்தகையோரின் பொருட்டு 1930-களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நூல்களை இசைத்தட்டுகளில் பதிவுசெய்து வழங்கலாயினர். 1935-இல் இங்கிலாந்தில் முதன்முதலாக வெளிவந்தவற்றுள் ஒன்று அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல். மற்றொன்று ஜோசப் கான்ராட் எழுதிய கடற்புயல் கதை. பார்வையற்றோர்க்கு முதலில் தரவேண்டியது தொழிற்கையேடும் நல்லுபதேசமுமே என்று அவர்கள் முடிவுகட்டவில்லை. கொலைசெய்தவன் யார் என்று அறியும் ஆவல் பார்வையற்றவனுக்கும் உண்டென்று கண்டனர். நம் பேச்சின் கருத்தும் ஏறக்குறைய அதுவே.

நம் தெருக்களிலும் பார்வைக் குறையுடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒலிநூல் மாற்று வழியன்று, அதுவே நேர்வழி. அத்தகையோர்க்கென ஒரு நூலை ஒலி வடிவிலோ பிரெய்லிலோ ஆக்கித் தருவதற்கு உரிமையாளரின் இசைவு வேண்டியதில்லை என்று 2012-இல் திருத்தப்பெற்ற காப்புரிமைச் சட்டம் கூறுகிறது. மற்றையோர்க்கெனப் பதிவுசெய்து பரப்புவதாயின், நூலாசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்திருத்தல் வேண்டும். அன்றேல் இசைவு பெறவேண்டும். அண்ணல் தம் வாழ்நாளில் வெளியிட்ட ஆங்கில மூலங்கள் 2017 முதல் எல்லோர்க்கும் பொதுவாயின. ஆனால் தமிழாக்கத்துக்கு அதனைச் செய்தவரின் உரிமை தனியே உண்டு. கழகத்தின் பெயரால் பதிவுசெய்ய முனையும் இளைஞர்கள் இதனை மறத்தலாகாது. எழுதிப் பிழைப்பவரின் உழைப்பும் உழைப்பே.

இங்கு வந்துள்ள பெண்மக்களுள் பலர் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர். விடியுமுன் சமைத்து, தூக்குச்சட்டியில் சோறெடுத்து, தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி, பொழுது சாய்ந்தபின் இறங்குகிறார்கள். ‘நூல் படி’ என்று அவர்களிடம் கூறுவது எளிது. படிக்க நேரம் தருவார் யார்? வீட்டுக்கு வந்தால் அடுப்பு காத்திருக்கிறது, கண் சோர்ந்திருக்கிறது, ஆடும் பேருந்தில் எழுத்தை நோக்கினால் தலைசுற்றுகிறது. ஆனால் செவி ஓய்வாக இருக்கிறது. 200 பக்கமுள்ள நாவலொன்றை நிறுத்தி நிதானமாகப் படித்தால் ஏழெட்டு மணி நேரம் ஆகும். போகையில் அரைமணி, வருகையில் அரைமணி எனக் கேட்டால் ஒன்பதாம் நாளுக்குள் நாவல் முடிந்துவிடும். ஓராண்டில் இருபதுக்கும் மேற்பட்ட நூல்கள்! கல்லூரி ஆசிரியருள்ளும் இவ்வளவு படிப்போர் எத்தனை பேர் என்று நாம் கேட்கப்போவதில்லை. அவையில் அவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். இக்கருவிகளில் வேகத்தைக் கூட்டிக் கேட்கும் வசதி உண்டு. ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று முடுக்கிவிட்டு, ‘இத்தனை நூல் முடித்தேன்’ என்று கணக்குக் காட்டும் வழக்கமும் வந்துவிட்டது. விருந்துச் சோற்றை மெல்லாமல் விழுங்குவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. படிப்பவர் ஓரிடத்தில் மூச்சு வாங்குவதும் நிறுத்துவதும் கதையின் பகுதியே.

எந்த நூலைக் கேட்பது, எந்த நூலைப் படிப்பது? நம் கருத்தைக் கூறுகிறோம்; மாறுபடுவோர் மாறுபடலாம். வாதம் நிறைந்த நூலையும், புள்ளிவிவரமும் சட்டமும் கொண்ட நூலையும் கையில் பென்சிலோடு படிக்கவேண்டும். மறுபடி புரட்டிப் பார்க்கவேண்டியவை அவை. ஒலியில் பின்னோக்கிச் செல்வது தொல்லை. கதையும் தன்வரலாறும் கேட்கத் தக்கவை. கவிதையை முதலில் கேட்டு, பிறகு படித்து, மீண்டும் கேட்கவேண்டும்.

தன்வரலாறு என்றதும் பாமா அவர்களின் ‘கருக்கு’ நினைவுக்கு வருகிறது. 1992-இல் வெளிவந்த அந்நூல், ஊரில் பேசும் தமிழிலேயே முழுவதும் எழுதப்பெற்றது. இஃதென்ன நடை என்று முகஞ்சுளித்தோர் அன்று உண்டு. கண்ணுக்கு அந்நடை புதிது. ஏடுகளில் அதனைக் கண்டு பழகியதில்லை. செவிக்கோ அது பிறந்தநாள் முதல் பழகியது. எழுத்தறியாத ஒரு தாய்க்கு அதன் இரண்டு பக்கங்களைப் படித்துக் காட்டுங்கள். ‘இது நம் வீட்டுப் பேச்சாயிற்றே! இதையா புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள்?’ என்று அவள் வியப்பாள். அவ்வியப்பைக் கண்ட பிள்ளை, தன் தாயின் மொழியைப் பற்றி ஒருநாளும் கூச்சப்படமாட்டான்.

அந்நூலில் நூலகத்தைப் பற்றியே ஒரு நிகழ்ச்சி வருகிறது. பல்கலைக்கழகத்தில் பயின்ற அண்ணன் விடுமுறைக்கு ஊர் வந்து, பக்கத்து ஊர் நூலகத்தில் நூலெடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைவழியே திரும்புகிறார். எதிர்ப்பட்ட மேல்சாதிக்காரர் ஒருவர் பெயரைக் கேட்கிறார். பெயர் கொண்டு சாதியை அறிய இயலாமற்போகவே எந்தத் தெரு என்று கேட்கிறார். கையில் நூலோடு நடந்துசெல்லும் இளைஞனைக் கண்டால், என்ன நூல் என்று கேட்பதே இயல்பு. அங்கோ தெருவைக் கேட்டார்கள். இவ்வினாவைத் தாங்கவேண்டியிருக்குமே என்று நூலகத்துக்குச் செல்லத் தயங்கும் பிள்ளைகள் இன்றும் இல்லாமலில்லை. நூலகம் அமைந்த தெருவில் நம் பிள்ளைகள் கால்வைக்கத் தயங்கும் ஊர்கள் சில உண்டென்பதை இங்குள்ளோர் அறிவர். அவர்களிடம் ஒன்று கூறுவோம். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி நாம் செலுத்தும் வீட்டுவரியோடு நூலகவரியும் சேர்ந்தே தண்டப்படுகிறது. நம் வீட்டு ஓடும் கூரையும் அந்நூலகத்துக்குப் பணம் கட்டியிருக்கின்றன. உறுப்பினர் அட்டை வாங்குவது எவர் தயவுமன்று. தனியே செல்லத் தயங்கினால் பத்துப் பேராகச் செல்லுங்கள். நம் கழகத்தார் ஒருவர் உடன்வருவார்.

பூமணி அவர்களின் ‘வெக்கை’ 1982-இல் வந்த நாவல். 2019-இல் ‘அசுரன்’ என்னும் திரைப்படமாக வந்ததால் அதன் கதையை இளைஞர்கள் அறிவார்கள். கதை தெரிந்துவிட்டதே, இனி நூல் எதற்கு என்று கேட்பார்கள். திரைப்படத்தில் அருவாளும் குருதியும் நினைவில் நிற்கின்றன. நூலில் நிற்பவை வேறு. பதினைந்து வயதுச் சிறுவன் சிதம்பரமும் அவன் தந்தையும் காட்டிலும் மலையிலும் மறைந்து திரியும் நாள்களில், கிடைத்ததைக் கொண்டு சமைப்பதும், உண்பதும், வீட்டை நினைத்துப் பேசிக்கொள்வதும், தந்தை மகனைத் தோழனைப்போல் நடத்துவதும் பக்கம் பக்கமாக வருகின்றன. தந்தையிடம் அவ்வாறு பேச வாய்க்காத பிள்ளைகள் அதனைப் படிக்கவேண்டும். அவர் எழுதிய ‘பிறகு’, இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’, சிவகாமியின் ‘பழையன கழிதலும்’, குணசேகரனின் ‘வடு’, ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ ஆகியவையும் நம் அலமாரியில் உள்ளன. பூமணியும் இமையமும் தம்மைத் தலித் எழுத்தாளர் என்னும் பெயருக்குள் அடைப்பதை ஏற்காதவர்கள். அது அவர்தம் உரிமை. நம் பிள்ளைகளும் நம்மைப் பற்றிய நூல்களை மட்டுமே படிக்கவேண்டும் என்று நாம் கட்டளையிடவில்லை. பேய்க்கதை, துப்பறியும் கதை, கிரிக்கெட் வீரர் வரலாறு, கடற்பயணம் எதுவாயினும் ஆகுக. சேரிப் பிள்ளை துன்பக்கதை மட்டுமே படிக்கத் தக்கவன் என்று எண்ணுவதும் ஒருவகைத் தீண்டாமையே.

பரிசு பற்றி ஒன்று. அண்ணல் அம்பேத்கர் சிறுவராக ஆங்கில நான்காம் வகுப்பில் தேறியபோது, தம் சமூகத்தில் அந்நிலையை எட்டிய முதற் பிள்ளையென்று மக்கள் ஒரு பாராட்டுக் கூட்டம் கூட்ட விரும்பினர். பிள்ளைக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று தந்தையார் மறுத்தார். குடும்ப நண்பரான கேளுஸ்கர் என்னும் எழுத்தாளர் வேண்டிய பின்னரே இசைந்தார். அக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய கேளுஸ்கர், உரையின் முடிவில் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைச் சிறுவனுக்குப் பரிசளித்தார். அதனைப் பேரார்வத்துடன் படித்ததாகவும், அது தம்மை மிகவும் ஈர்த்ததாகவும் அண்ணலே பின்னாளில் எழுதினார். எவரும் அவரை அந்நூலிலிருந்து வினாக் கேட்கவில்லை. தேர்வுக்கும் அது உரியதன்று. அண்ணல் பௌத்தம் தழுவிய ஆண்டு 1956. இடைப்பட்ட காலத்தில் அவர் பல்லாயிரம் நூல்களைச் சேர்த்தார். 1930-களில் பம்பாய் தாதரில் கட்டிய ‘இராஜகிருகம்’ என்னும் இல்லத்தை அந்நூல்களுக்கு இடம் வேண்டியே அமைத்தார். முதிர்ந்த வயதில் வயலின் பயிலவும் தொடங்கினார். அவர் பதினெட்டு மணிநேரம் உழைத்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம், அவருக்கு நூலும் இசையும் எத்துணை இன்பம் தந்தன என்பதையும் சொல்லவேண்டும்.

ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் முதன்மை பெற்ற பிள்ளைகளுக்கு எவர்சில்வர் தட்டும் கேடயமும் வழங்கிவருகிறோம். தட்டு வீட்டுக்கு உதவும். அதனை நிறுத்துமாறு கூறவில்லை. அத்துடன் அவரவர் விரும்பிக் கேட்கும் ஒரு கதை நூலும் சேரட்டும். தேறாத பிள்ளைக்கும் ஒரு நூல் தரவேண்டும். அவன் பெயரை மேடையில் அழைக்காமல், வீட்டுக்குச் சென்று தரவேண்டும்.

நூலை மக்களிடம் கொண்டுசெல்வது புதிய செயலன்று. 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊரூராகச் சென்றார். வண்டிமாடு இழுத்த சுமையை இன்று ஒரு மிதிவண்டியும் ஒரு கைப்பேசியும் சுமக்கும். செயற்குழுவின் இசைவோடு நாங்கள் வகுத்துள்ள ஏற்பாடு இது. ஞாயிறுதோறும் மாலை 5 மணிமுதல் 6 மணிவரை கழகக் கட்டடத்தின் பின்னறையில் உரக்கப் படிக்கும் நேரம். அவ்வொரு மணி நேரத்துக்கு அவ்வறையில் வினா-விடைக் கைடுகளுக்கு இடமில்லை. கதை முடிந்ததும் எவரும் வினாக் கேட்கக் கூடாது. ஆசிரியப் பெருமக்களுக்கு இது கடினமான விதியென்று அறிவோம். தாய்மாரும் பாட்டிமாரும் கட்டாயம் வரவேண்டும். பாட்டிமார் தமக்குத் தெரிந்த கதையை எடுத்துரைப்பாராயின், அதனையும் பதிவுசெய்வோம். அதற்கு எவர் இசைவும் வேண்டா, அவர்தம் இசைவொன்றே போதும்.

முதல் ஞாயிறன்று ‘சாதியை ஒழிக்கும் வழி’ தொடங்குகிறது. மூன்று வாரங்களில் முடிக்க எண்ணம். அடுத்து ‘கருக்கு’. படிக்க விரும்பும் இளைஞர்கள் தம் பெயரை நூலகப் பொறுப்பாளரிடம் தருக. மேடைக் குரல் வேண்டியதில்லை. வீட்டில் பேசும் குரல் போதும். ஐந்து பெண்கள் ஏற்கெனவே பெயர் தந்துவிட்டனர். ஆண்மக்கள் இதுவரை ஒருவரே. அறையில் பாய்கள் 12 மட்டுமே உள்ளன. பழைய பாய் இருப்போர் கொண்டுவரலாம்.